எண்ணுக்கு வந்த மவுசு

அமெரிக்க நோயாளியின் கோப்பைப் படித்தால் இந்தியப் பட்டதாரிக்குச் சம்பளம். எவ்வளவு, எத்தனை நாளைக்கு?

ஹைதராபாத் அமீர்பேட்டின் பயிற்சி நிலையப் பலகைகளில் சாஃப்ட்வேர் படிப்புகளுக்குப் பக்கத்தில் இன்று மெடிக்கல் கோடிங்கும் இடம் பிடித்திருக்கிறது. சென்னையிலும் இதே கதைதான். பணம் கட்டிச் சேர்பவர்கள் பி.ஃபார்ம்., நர்சிங், பிசியோதெரபி, விலங்கியல் படித்தவர்கள். பல் மருத்துவர்களும் உண்டு. படித்த படிப்புக்கு ஊரில் வேலை இல்லை; இருந்தாலும் கிடைக்கும் சம்பளம் கட்டுப்படியாகவில்லை.

அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவதுதான் வேலை. அதைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். இரண்டாம் வகை நீரிழிவு, சிக்கல் எதுவும் இல்லை என்றால் இ11.9. அதனால் சிறுநீரகம் நாள்பட்டுக் கெட்டிருந்தால் இ11.22, அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல இன்னொரு எண். பிசகினால் பில் திரும்பி வரும். 2015 அக்டோபரில் அமெரிக்கா ஐ.சி.டி.-10 முறைக்கு மாறியபோது, சுமார் 14,000 ஆக இருந்த நோய்க் குறியீடுகள் ஏறக்குறைய 70,000 ஆயின. வாத்து மோதிக் காயம்பட்டவருக்குக்கூட அதில் தனி எண் இருக்கிறது. இந்தியாவில் ஆள் எடுப்பு சூடுபிடித்ததில் அந்த மாற்றத்துக்குப் பெரும் பங்குண்டு.

சம்பள விஷயத்துக்கு வருவோம். புதிதாகச் சேர்பவருக்குப் பெரும்பாலும் மாதம் 12,000 முதல் 20,000 ரூபாய் வரை. பயிற்சி நிலையங்கள் இதை மெல்லச் சொல்லும். உள்நோயாளி, அறுவை சிகிச்சைக் கோப்புகளில் சில ஆண்டுகள் தேறியவர் வாங்கும் 50,000 ரூபாயை உரக்கச் சொல்லும். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கணக்குப்படி, அங்கே மருத்துவ ஆவணப் பணியாளரின் இடைநிலை ஊதியம் 2023 மே மாதத்தில் ஆண்டுக்கு 48,780 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 40 லட்சம் ரூபாய். வேலை கடல் தாண்டி வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சம்பளம் உயர வேண்டுமானால் அமெரிக்காவின் ஏ.ஏ.பி.சி. அமைப்பு நடத்தும் சி.பி.சி. தேர்வில் தேற வேண்டும். நான்கு மணி நேரம், 100 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. குறியீட்டுப் புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டே எழுதலாம். அப்படியும் பலர் தவறிவிடுகிறார்கள். தேறியவரின் பட்டத்தோடும், போதிய அனுபவம் காட்டும்வரை, 'பயிற்சி நிலை' என்பதற்கான எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். உறுப்பினர் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகங்கள் எல்லாம் சேர்ந்தால் புதியவரின் ஒரு மாதச் சம்பளம் போதாது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு தினமும் இத்தனை கோப்பு என்று இலக்கு உண்டு. 95 சதவீதம் துல்லியமும் இருக்க வேண்டும். வேகம் பார்த்தால் தப்பு வரும், தப்புக்குப் பயந்தால் இலக்கு நழுவும். ஊக்கத்தொகை இரண்டையும் சேர்த்துத்தான் அளக்கிறது.

இனிமேல் எப்படி? 1990களின் பிற்பகுதியில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனுக்கும் இதே மவுசு இருந்தது. டாக்டரின் பேச்சைக் கணினியே எழுத்தாக்கத் தொடங்கியதும் தட்டச்சு செய்தவர்களின் தேவை குறைந்தது. எஞ்சியவர்கள் கணினி எழுதியதைத் திருத்துபவர்களானார்கள். கோடிங்கிலும் அந்தக் காற்று வீசத் தொடங்கிவிட்டது. ஒரே அச்சில் வரும் எக்ஸ்-ரே அறிக்கைகளுக்கு மென்பொருளே எண் போடுகிறது. சிக்கலான அறுவை சிகிச்சை, தணிக்கை, இன்சூரன்ஸ் மறுத்த பில்களை மீட்பது ஆகியவற்றுக்கு இன்னும் மனிதர்கள் வேண்டும். ஆனால் புதியவர்கள் கை பழகியது அந்த எளிய கோப்புகளில்தான். அவை போய்விட்டால் தணிக்கையாளராகும் அளவுக்கு அனுபவத்தை எங்கே போய்ச் சம்பாதிப்பது என்பதற்கு எந்தப் பயிற்சி நிலையத்தின் பலகையிலும் பதில் இல்லை.

உள்நாட்டுச் சந்தை கைகொடுக்குமா? 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மொத்தமாக ஒரு தொகையை நிர்ணயித்துப் பணம் தருகிறது. அதற்கு 70,000 எண்கள் அறிந்த ஆள் தேவைப்படுவதில்லை.