ராடாரைக் காதால் கேட்டவர்கள்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராடார் யந்திரங்களின் அருகே ஊழியம் பார்த்தவர்களில் சிலர், அலைக்கற்றை தங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் தலைக்குள்ளேயோ பிடரிக்குச் சற்றுப் பின்னாலோ ஒரு ரீங்காரம் எழுவதாகச் சொன்னபோது, அதைக் கேட்டவர்கள் மனப்பிராந்தி என்று சிரித்துத் தள்ளினார்கள். விஞ்ஞானிகளின் கவனமெல்லாம் அப்போது ராடாரின் நுண்ணலைகள் சரீரத்தில் ஏற்றும் உஷ்ணத்தின் மேலேயே இருந்தது. ரத்த ஓட்டம் இல்லாததால் சூட்டை வெளியேற்றமாட்டாத கண்வில்லையில் நுண்ணலைகளால் புரை விழுவதை 1948-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பிராணிகளிடம் கண்டார்கள். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த ஹெர்மன் ஷ்வான், சரீரம் தாங்கக்கூடிய சூட்டைக் கணக்கிட்டு, சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் என்ற எல்லையை 1953-இல் அந்நாட்டுக் கடற்படைக்கு எழுதினார். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கையே சோவியத் நாடு 1959-இல் தன் தொழிலாளருக்கு விதித்ததென்றால், இரு தரப்பாரும் ஒரே சரீரத்தைப் பற்றித்தான் பேசினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது!

ஆலன் ஃபிரே என்ற இளம் விஞ்ஞானியோ, ராடார் சப்தம் தமக்குக் கேட்பதாக ஓர் ஊழியர் சொன்னதும், நகைக்காமல், அவர் சொன்ன இடத்துக்கே போய் நின்று தாமும் கேட்டார். 1961-இலும் 1962-இலும் அவர் வெளியிட்ட பரிசோதனைகளில், பத்திரமானதென்று கருதப்பட்ட அளவில் அறுபதில் ஒரு பங்கிலேயே சப்தம் எழுந்தது. காதை அடைத்துக்கொண்டால் வெளி இரைச்சல் அடங்கி அது இன்னும் தெளிவாயிற்று. செவிடர் சிலரும் அதைக் கேட்டனர். ஆனால், ஈ புகாமல் ஜன்னலில் அடிப்போமே, அந்தக் கம்பிவலையில் ஒரு சிறு துண்டைக் காதுக்கு மேலே கன்னப்பொறியில் வைத்து மறைத்ததும் சப்தம் நின்றுவிட்டது.

அலைகள் நரம்பையே நேராகத் தூண்டுகின்றன என்பது ஃபிரேயின் அபிப்பிராயம். அதை அசைத்தது 1974-இல் ஃபாஸ்டர், ஃபிஞ்ச் என்ற இரு விஞ்ஞானிகள் தண்ணீரில் செய்த சோதனை. ராடார் விட்டுவிட்டு அனுப்பும் அலைத் துடிப்பு ஒவ்வொன்றும் நீரை ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே சூடாக்கினாலும், அந்தச் சூடு க்ஷணத்தில் ஏறுவதால் நீர் சட்டென விரிந்து அழுத்த அலை பிறக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள்; தலைக்குள் சப்தமாகக் கேட்பதும் இத்தகைய அலையே என்றார்கள். நீர் விரியாத 4 டிகிரியில் அந்த அலை மறைந்தது. அதற்கும் கீழே குளிரவைத்தபோது தலைகீழாகத் திரும்பியது. ஆக, உஷ்ணக் கட்சிக்கே வெற்றி. ஆயினும், சராசரிச் சூட்டையே எண்ணிய அக்கட்சியாரின் பழைய கணக்கில் இந்தத் துடிப்புக்கு இடமே இருக்கவில்லை. பிற்பாடு 1998-இல் வெளியான சர்வதேச வழிகாட்டு விதிகளில், இச்சப்தத்தைத் தவிர்க்கவென்றே, பொதுஜனங்களின் தலையில் ஒரு துடிப்பு சேர்க்கும் சக்தி கிலோகிராமுக்கு 2 மில்லிஜூலை மீறலாகாது என்ற தனி வரம்பு இடம்பெற்றது.