கீமோதெரபியில் முடி உதிர்தலும் மனநிலையும்

புற்றுநோய்க்குத் தரப்படும் கீமோதெரபி (வேதிச்சிகிச்சை) மருந்துகளால் முடி உதிர்வது, நோயாளியின் தோற்றத்தையும் மனநிலையையும் ஒருசேரப் பாதிக்கும் பக்கவிளைவு ஆகும். மார்பகத்தை இழத்தல், தழும்பு, எடை மாற்றம் ஆகியனவும் இத்தகையவையே. ஆனால் அவற்றை ஓரளவு ஆடையால் மறைக்கலாம். முடி இழப்போ, நோயைப் பிறரிடம் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையையே நோயாளியிடமிருந்து பறித்துவிடுகிறது.

காரணம்

கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகின்றன. மயிர்க்கால் செல்களும் வேகமாகப் பிரிபவை என்பதால் அவையும் அடிபடுகின்றன. பெரும்பாலும் முதல் மருந்தேற்றத்துக்குப் பின் 2 முதல் 4 வாரங்களில் உதிர்தல் தொடங்கும். புருவமும் இமைமுடியும்கூட உதிரலாம். எல்லா மருந்துகளும் இப்படிச் செய்வதில்லை. டாக்சோரூபிசின், பேக்லிடாக்சல் போன்றவற்றில் உதிர்தல் அதிகம். தமக்குத் தரப்படும் மருந்து எத்தகையது என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டறிவது நல்லது.

மன வருத்தமும் சமாளித்தலும்

மொட்டைத் தலை நமக்குப் புதிதன்று. பழனியிலும் திருப்பதியிலும் முடி காணிக்கை செலுத்திய பெண்கள் மொட்டைத் தலையோடு பேருந்தில் ஊர் திரும்புகிறார்கள். யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அதே மொட்டை சிகிச்சையால் வரும்போது ஏன் அழவைக்கிறது? அங்கே தாமே மனமுவந்து கொடுக்கிறார்கள். இங்கே கேளாமல் எடுக்கப்படுகிறது. இதனால்தான் உதிரும் முன்பே முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வதும் மழித்துக்கொள்வதும் பலருக்கு ஆறுதல் தருகின்றன. தலையணையில் கொத்துக் கொத்தாக முடியைக் காணும் அதிர்ச்சியும் குறைகிறது. மழிப்பதற்குச் சவரக்கத்தியைவிட டிரிம்மர் பாதுகாப்பானது. சிகிச்சையின்போது எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால் சிறு வெட்டுக்காயமும் தொற்றுக்கு வழியாகலாம்.

விக் வேண்டுவோர், முடி இருக்கும்போதே அதன் நிறத்தைப் பார்த்து வாங்கலாம். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தித் துணியே சுகம் என்பது என் கருத்து.

உறவினர் வழக்கமாகச் சொல்வது, "முடிதானே, வளர்ந்துடும்." உண்மைதான், ஆனால் அதற்குமேல் நோயாளி பேச வழியில்லாமல் போகிறது. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற என் ஒன்பதாம் வகுப்பு மாணவியை வீட்டில் பார்த்தபோது நானும் அதையே சொன்னேன். "வளரும்னு தெரியும் டீச்சர். திங்கட்கிழமை எப்படி கிளாஸ்ல உட்கார்றது?" என்றாள். தலையில் துணி கட்டிக்கொள்ளவும், தான் வருமுன் வகுப்பில் விஷயத்தைச் சொல்லிவிடவும் வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டாள். சொன்னேன். பிள்ளைகள் கேட்டது ஒன்றுதான்: "அது ஒட்டிக்குமா டீச்சர்?" ஒட்டாது என்றதும் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

முடி போய்விடும் என்ற அச்சத்தால் சிகிச்சையையே தள்ளிப்போடுவோரும் உண்டு. அந்த அச்சத்தை வீண் ஆசை என்று ஏளனம் செய்யாமல் மருத்துவரிடம் சொல்ல உதவ வேண்டும். சில மருத்துவமனைகளில் தலையைக் குளிர்விக்கும் தொப்பி உண்டு. அது உச்சந்தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, மயிர்க்காலை மருந்து சேர்வதை மட்டுப்படுத்துகிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, இரத்தப் புற்றுநோய்க்குப் பொதுவாக ஏற்றதன்று. துக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, உணவும் உறக்கமும் கெட்டால் மனநல ஆலோசனை தேவை.

மீண்டும் வளர்தல்

மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பூனைமுடி போல் அரும்பும். 3 முதல் 6 மாதங்களில் தலை மூடும். முதலில் வளரும் முடி சுருளாகவோ வேறு நிறமாகவோ இருக்கலாம்.