தலைக்குள் ஓடும் கணக்கை நோட்டில் எழுதுங்கள்



ஏட்டில் ஏறாத பாக்கி நாளைக்குத் தகராறு ஆகும் என்பது கடைப் பையனுக்கும் தெரியும். ஆனால் கல்லாவைப் பூட்டிவிட்டுப் படுத்தபின் தலைக்குள் ஓடுகிற கணக்கை நாம் யாரும் எழுதுவதில்லை. "பாக்கிக்காரன் இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை, பணம் போச்சு", "எதிரில் சூப்பர் மார்க்கெட் வந்துவிட்டது, இனி நம் கடை அவ்வளவுதான்" என்று அது விடிய விடிய ஏறிக்கொண்டே போகும்.

இதை எழுதிச் சரிபார்க்க மனநல மருத்துவத்தில் ஒரு முறை இருக்கிறது. காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி என்று பெயர். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் ஆரன் பெக் 1960-களில் இதை வகுத்தார். நூறு வயது வாழ்ந்து 2021-இல் காலமானவர். மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சட்டென்று தோன்றும் எண்ணங்களை அவர்கள் சோதிக்காமலே உண்மை என்று நம்பிவிடுவதை அவர் கவனித்தார். "நல்லதையே நினை" என்று சொல்லும் வைத்தியம் அல்ல இது. அப்படிச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிப்பதும் இல்லை. பருப்பு விலை இறங்கும்போது நல்லதை நினைத்தால் ஸ்டாக்கில் நஷ்டம் குறைந்துவிடுமா?

என்னிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், எதிரில் பெரிய கடை வந்ததும் தூக்கம் இழந்தார். எடுக்கிற சரக்கைப் பாதியாகக் குறைத்தார். "ஏன் தம்பி?" என்றால், "மூடப்போற கடைக்கு எதுக்கு அண்ணாச்சி மூட்டை?" என்றார். சரக்கு இல்லாததால் வந்தவர்களும் திரும்பிப் போனார்கள். பார்த்தாயா, நினைத்தபடியே ஆகிறது என்று அவர் மனம் இன்னும் உறுதிப்பட்டது. எண்ணம் செயலைக் கெடுக்கிறது, கெட்ட செயல் எண்ணத்துக்குச் சாட்சி ஆகிறது. இந்தச் சுற்றைத்தான் உடைக்க வேண்டும்.

அவரது மனைவி வற்புறுத்தி ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனார். அவர் ஒரு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார். நடந்தது என்ன, தோன்றிய எண்ணம் என்ன, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள், அப்போது மனநிலை என்ன, எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிர் ஆதாரம் என்ன, இரண்டையும் வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவு என்ன. பற்று வரவு எழுதத் தெரிந்த நமக்கு இது புதிதல்ல.

"கடையை மூடத்தான் போகிறேன்" என்று எழுதி, தொண்ணூறு என்று போட்டார். ஆதாரம், ரொக்க விற்பனை குறைந்தது. எதிர் ஆதாரத்துக்காகக் கடன் நோட்டைப் புரட்டினார். மாதச் சாமான் வாங்கும் அறுபத்திரண்டு வீடுகளில் நின்றுபோனவை ஒன்பதுதான். "வியாபாரம் குறைந்திருக்கிறது, மூடும் நிலை இல்லை" என்று எழுதினார். தொண்ணூறு நாற்பதாயிற்று. பூஜ்யம் ஆகவில்லை, ஆக வேண்டியதும் இல்லை. போட்டி உண்மைதானே.

அடுத்து, நின்றுபோன இரண்டு வீடுகளுக்குப் போன் செய்யச் சொன்னார்கள். அவமானமாகப் பேசுவார்கள் என்று பயந்துகொண்டேதான் செய்தார். ஒரு வீட்டார் வெளியூருக்குக் குடிபோயிருந்தார்கள். இன்னொரு வீட்டம்மா, "ரெண்டு தடவை வந்தேன், துவரம்பருப்பே இல்லையே" என்றார்! மறுநாளே என்னிடம் இரண்டு மூட்டை எடுத்தார்.

எல்லாருக்கும் இப்படி முடியாது. ஆதாரப் பக்கமே கனமாக இருந்தால் அது மனப்பிரச்சினை அல்ல, தொழில் பிரச்சினை. ஆடிட்டரைப் பாருங்கள், கடன் கொடுத்தவரிடம் தவணை பேசுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள். கடனை வீட்டுக்கு மறைத்து விபரீத முடிவுக்குப் போன வியாபாரிகளுக்கு நாம் மாலை போட்டிருக்கிறோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் இல்லாமல் இருந்தால் நோட்டு மட்டும் போதாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளக்கூடாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். கடைத் தொலைபேசிப் பட்டியலில் லாரி ஷெட் நம்பருக்குப் பக்கத்தில் இதையும் எழுதி வையுங்கள், கடைப் பையன்களுக்கும் பயன்படும்.