விழுந்தவர் யார்? தள்ளியது எது?

உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் பாதையில் நடுவட்டத்தைக் கண்டவர்கள் அறிவார்கள், தென்மேற்குப் பருவமழை அங்கே எப்படிக் கொட்டும் என்பதை. எதிரே நிற்கும் ஆளையே மஞ்சுமூட்டம் மறைத்துவிடும். அந்த மழையிலும் தேயிலைச் சரிவில் ஏறி இறங்கியாக வேண்டும், ஈர இலைச் சுமையோடு. கால் சறுக்குகிறது, இடுப்பு ஒடிகிறது. ஒடிந்த மறுகணமே இரண்டு சொற்கள் ஓடி வருகின்றன. தோட்ட அலுவலகத்தில் "விபத்து" என்கிறார்கள். லைன் வீட்டுத் திண்ணையில் "விதி" என்கிறார்கள். சொல் இரண்டு, பொருள் ஒன்று: யாரையும் கேட்காதே!

கேட்போம் நாம். முதலில் அந்தச் சொல்லையே கேட்போம்.

விபத்து வடமொழியிலிருந்து வந்தது. 'பத்' என்பது வேர். செல்லுதல், விழுதல் என்பது பொருள். அதே வேரில் பிறந்தவைதாம் சம்பத்தும் ஆபத்தும். முன்னே 'சம்' ஒட்டினால் செல்வம். 'ஆ' ஒட்டினால் இடர். 'வி' ஒட்டினால் கேடு, அழிவு, சாவு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவர்: சம்பத்து பங்களாவுக்குப் போய்விட்டது, மற்ற இரண்டும் லைன் வீட்டுக்குக் குடிவந்துவிட்டன!

ஆங்கிலத்து 'ஆக்சிடென்ட்' இலத்தீனத்துச் சரக்கு. அதற்கும் 'விழுதல்'தான் வேர். மேலே வந்து விழுவது என்று பொருள். 'எதிர்பாராமல்' என்ற கருத்து அந்தச் சொல்லோடு வந்தது. நம் விபத்தின் பழம்பொருளில் கேடு உண்டு, சாவு உண்டு, எதிர்பாராமை இல்லை. தமிழில் 'நேர்ச்சி' என்கிறோம். நேர்ந்தது என்றால், எதனால் நேர்ந்தது என்று கேட்க இடமிருக்கிறது. 'தற்செயல்' என்ற சொல்லிடம்தான் எச்சரிக்கை வேண்டும். தானே நடந்த செயலாம்! உடைந்த படி தானே உடைந்தது, கழன்ற பல்சக்கரம் தானே கழன்றது, பழுது பார்க்காதவர் மட்டும் எங்கும் இல்லை.

"வள்ளுவரே ஊழ் பாடினாரே" என்று புராணிகர் குறுக்கே வருவார். பாடினார், 38-ஆம் அதிகாரம். 62-ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. அதுவரை புரட்டப் புராணிகருக்குக் கை வலிக்கும் போலும்.

விதி எப்படிச் சாகிறது என்பதற்கு நடுவட்டமே சாட்சி. 1860-களில் வெள்ளை அரசு அங்கே சிங்கோனா பயிரிட்டது. சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கியது. அவர்களை அடைத்த சிறை இன்றும் நிற்கிறது. காய்ச்சலுக்கான கொயினா மருந்து அந்த மரப்பட்டையில் கிடைத்தது. காய்ச்சலில் செத்தவனை விதி முடிந்தவன் என்றே ஊர் சொன்னது. 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். நேற்று விதி, இன்று கொசு!

அதே 1897-இல்தான் பிரிட்டனில் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் பிறந்தது. அதன்கீழ் வந்த வழக்கு ஒன்றைத் தோழர்கள் அறிய வேண்டும். பென்டன் என்ற தொழிலாளி, இறுகிப்போன இயந்திரச் சக்கரத்தை முழு வலுவோடு திருப்பினார், குடல் இறங்கிவிட்டது. முதலாளி தரப்பு என்ன சொன்னது தெரியுமா? "இது விபத்தே அல்ல, அவர் திருப்ப நினைத்தார், திருப்பினார்" என்றது. பணம் கொடுக்கும் நாள் வந்ததும் விபத்து, விபத்தல்லாமல் போயிற்று! பிரபுக்கள் சபை 1903-இல் அதைத் தள்ளியது. சாதாரண மக்கள் வழங்கும் பொருளே அந்தச் சொல்லுக்குப் பொருள். அவர் நினையாத கேடு நேர்ந்ததால் அது விபத்துதான் என்று தீர்ப்பு.

இந்தியாவில் 1923-இல் வந்த சட்டமும், 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதே அடிப்படையில் எழுந்தவை. வேலையின் காரணமாக, வேலையின்போது, விபத்தால் காயம்பட்டால் முதலாளி நட்டஈடு தர வேண்டும். அவர் குற்றம் செய்தார் என்று தொழிலாளி மெய்ப்பிக்கத் தேவையில்லை. அலுவலகத்தில் "விபத்து" என்றால் கணக்கு முடிந்தது. சட்டத்தில் "விபத்து" என்றால் அப்போதுதான் கணக்குத் தொடங்குகிறது.

'எதிர்பாராத' என்ற அடைமொழியையும் விடுவதற்கில்லை. கூடலூருக்கு அப்பால் வயநாட்டில், 2024 ஜூலை 30 அதிகாலை, முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களும் புதைந்தன. எதிர்பாராத பேரிடர் என்றார்கள். அந்த வைத்திரி வட்டம் மிகுந்த பாதுகாப்புக்குரியது என்று காட்கில் குழு 2011-இலேயே எழுதியிருந்தது. நீலகிரியிலும் 2009 நவம்பரில் மலை சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எதிர்பார்த்தவர் இருந்தார்கள்; கேட்டவர்தாம் இல்லை.

மலையிலே பணியாற்றும் தோழர்களுக்கு ஒரு வேலை. அடுத்த முறை தோட்டத்துப் பதிவேட்டில் "தவறி விழுந்தார்" என்று எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். எத்தனை மணிக்கு, எந்தச் சரிவில், என்ன வேலை செய்கையில் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் படி எத்தனை நாளாக உடைந்து கிடந்தது, யாரிடம் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதிய பிறகு கையொப்பம் இடுங்கள்.