ஏலமலை இடப்பெயர்வும் வாய்மொழி வரலாறும்

வாய்மொழி வரலாறு என்பது ஒரு நிகழ்வில் பங்கு கொண்டவரோ அதைக் கண்டவரோ தம் நினைவிலிருந்து கூறுவதை நேர்காணல் வழியாக ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, பிற சான்றுகளுடன் ஒப்பிட்டு ஆராயும் வரலாற்று முறை ஆகும். 1948 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய திட்டம் இத்துறையின் நவீன தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. எழுத்துச் சான்றுகளை அதிகம் விட்டுச் செல்லாத மக்களின் குடும்ப நினைவையும் இடப்பெயர்வையும் அறிய இம்முறை உதவுகிறது. தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து கேரளத்தின் ஏலமலைக்குச் சென்ற தொழிலாளர் குடும்பங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

பின்னணி

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. இங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஆகிய இடங்களின் ஏலத்தோட்டங்கள். காய் பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. சில குடும்பங்கள் தோட்டத்து லயங்களில் தங்கின. வேறு பலர் விடியலில் ஜீப்பில் ஏறி மாலையில் ஊர் திரும்புவர். தோட்டக் கணக்கில் பெயரும் கூலியும் இருக்கும். ஏன் ஊரை விட்டார்கள், கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் சென்றார்கள் என்பவை அதில் இரா. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் சேர்க்கும் கோரிக்கை எழுந்தும், 1956 மாநிலச் சீரமைப்பில் அவை கேரளத்தில் அமைந்தன. எனவே ஒரே குடும்பத்தின் ஆவணங்கள் இரு மாநில அலுவலகங்களில் சிதறிக் கிடப்பதுண்டு.

காலமும் நினைவும்

முதியோர் ஆண்டைச் சொல்வது அரிது. வெள்ளம், திருமணம், குழந்தைப் பிறப்பு ஆகியவற்றைக் கொண்டே காலத்தைக் குறிப்பர். கேரளத்தில் பேசப்படும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' கொல்லம் ஆண்டு 1099 இல், அதாவது 1924 இல் வந்தது. இதை அறியாத பதிவாளர் 1999 என்று எழுதிவிடக்கூடும்.

நினைவின் பிழையும் சான்றாகலாம். இத்தாலியின் டெர்னி நகரில் 1949 இல் காவல்துறையினரால் கொல்லப்பட்ட ஓர் ஆலைத் தொழிலாளியின் மரணத்தைப் பலர் 1953 ஆட்குறைப்புப் போராட்டத்துடன் சேர்த்தே நினைவுகூர்ந்தனர். அம்மரணம் அவர்களுக்கு எதைக் குறித்தது என்பதை இத்தவறு காட்டுவதாக அலெசாந்திரோ போர்ட்டெல்லி விளக்கினார்.

துயர நினைவைப் பதிதல்

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அச்சத்தால் வீடுகளை விட்டு வெளியேறி, காட்டுவழியாகத் தேனி மாவட்டத்துக்குள் இறங்கினர். செய்தித்தாள்கள் எண்ணிக்கையையும் அரசியலையும் பதிந்தன. இருட்டில் நடந்தவர் எதை எடுத்துக்கொண்டார், அண்டை வீட்டு மலையாளக் குடும்பம் எப்படி நடந்துகொண்டது, மீண்டும் அதே தோட்டத்துக்குச் செல்ல எது தூண்டியது என்பவற்றை நேர்காணலே வெளிக்கொணரும். மலையில் தங்கிவிட்டவர்களையும் கேட்டாலன்றி இப்பதிவு ஒருபக்கமானதாகவே இருக்கும்.

இத்தகைய நேர்காணலில் துயர நிகழ்வை முதற்கேள்வியாக வைப்பதில்லை. பதிவின் நோக்கத்தைக் கூறி ஒப்புதல் பெறுவதும், வேண்டும்போது நிறுத்த உரிமை தருவதும் கட்டாயம். ஆண்கள் சூழ்ந்திருக்கையில் பெண்கள் கங்காணியைப் பற்றியோ கூலியைப் பற்றியோ மனந்திறந்து பேசமாட்டார்கள். ஆகவே தனியே உரையாடுவது நல்லது. எழுத்துப்படியில் பேச்சு வழக்கைத் திருத்தலாகாது. 'இறங்கினோம்' என்ற ஒரே சொல் வேலை முடிந்து ஊர் திரும்பியதையும் குறிக்கும், 2011 இல் தப்பி வந்ததையும் குறிக்கும். எந்தப் பொருளில் சொல்லப்பட்டது என்பது பெரும்பாலும் ஒலிப்பதிவின் குரலில்தான் தெரியும் என்பதால், மூல ஒலிப்பதிவையும் எழுத்துப்படியுடன் சேர்த்தே பாதுகாக்க வேண்டும்.