செல்லுக்குள் ஒளிரும் அளவுகோல்கள்

உயரமான கண்ணாடி ஜாடியில் ஆமணக்கெண்ணெயை நிரப்பி, சிறிய எஃகுக் குண்டைப் போட்டு, அது விழும் நேரத்திலிருந்து எண்ணெயின் பாகுநிலையைக் கணக்கிடும் ஸ்டோக்ஸ் முறையைக் கல்லூரி மாணவர்கள் அறிவர். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமே உள்ள உயிருள்ள செல்லுக்குள் எந்தக் குண்டைப் போடுவது?

ஒரு மூலக்கூறைப் போடலாம்! சில சாய மூலக்கூறுகளில் இரு பகுதிகள் ஒற்றைப் பிணைப்பால் இணைந்துள்ளன. ஒளியை உறிஞ்சிக் கிளர்வுநிலை அடைந்த அத்தகைய மூலக்கூறு, அப்பிணைப்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஆற்றலை வெப்பமாக இழக்கலாம். அல்லது ஒளியாக உமிழலாம். நீரில் முறுக்கம் எளிது; ஆகவே ஒளி மங்கும். கிளிசரினின் பாகுநிலையோ 20° செ. வெப்பநிலையில் நீரினதைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். அங்கே அண்டை மூலக்கூறுகள் நெருக்குவதால் முறுக்கம் தடைப்படுகிறது. சாயம் பளிச்சென ஒளிர்கிறது. இவற்றை மூலக்கூறுச் சுழலிகள் என்பர். 1971இல் ஃபோர்ஸ்டர், ஹாஃப்மன் என்னும் இருவர் இதற்கு ஒரு சமன்பாடு தந்தனர். அதன்படி பாகுநிலை 8 மடங்கானால், ஒளிர்வுத் திறன் சுமார் 4 மடங்காகும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. செல்லில் சாயம் சீராகப் பரவுவதில்லை. ஓரிடம் மங்கலாகத் தெரிந்தால், அது பாகுநிலை குறைந்த இடமா, சாயம் குறைந்த இடமா? வெளிச்சத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்குக் கண்ட வழி அழகானது. ஒரே அளவு எண்ணெய் ஊற்றிய அகல் விளக்குகள் பத்தானாலும் நூறானாலும், அணையும் நேரம் ஒன்றுதானே? அதுபோல, வெளிச்சத்தின் அளவை விட்டுவிட்டு, ஒளித்துடிப்பு ஒன்றைச் செலுத்தியபின் ஒளிர்வு எவ்வளவு விரைவில் தேய்கிறது என்று அளந்தனர். நானோ நொடிகளில் அளக்கப்படும் இந்த ஒளிர்வு ஆயுள் பாகுநிலையோடு நீளும். சாயத்தின் அளவைப் பொறுத்ததன்று. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மரீனா குயிமோவா குழுவினர் 2008இல் உயிருள்ள செல்களில் இவ்வாறு அளந்தனர். 2009இல் இன்னும் வியப்பான சோதனை: ஒளிபட்டதும் செல்லைக் கொல்லும் ஒரு சாயமே அதன் பாகுநிலையையும் காட்டியது. சாகும் செல்லுக்குள் பாகுநிலை ஏறிக்கொண்டே போயிற்று!

செல்லின் ஆக்சிஜனேற்ற, ஒடுக்க நிலையை அறியவும் ஒளிர்வு உதவுகிறது. செல்லிலேயே உள்ள என்.ஏ.டி.எச். என்ற ஒடுக்கமுற்ற மூலக்கூறு, 340 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும்; ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒளிராது. இங்கும் அதே அளவுச் சிக்கல்தான். ஜெல்லி மீனின் பச்சை ஒளிர் புரதத்தை மாற்றியமைத்து 2004இல் வெளியான உணரியில் தீர்வு வேறு. ஆக்சிஜனேற்றத்தால் அப்புரதத்தின் இரு கந்தக அணுக்கள் பிணையும். அப்போது சுமார் 400 நானோமீட்டர் ஒளியால் எழும் ஒளிர்வு கூடும், 490இல் எழுவது குறையும். இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் போதும். புரதம் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியே எழுவதில்லை.