மீசை முளைக்காத சின்னான்

குன்னூரிலிருந்து ஒரு வாசகி படம் அனுப்பிக் கேட்டிருக்கிறார்: "செம்மீசைச் சின்னான்களோடு ஒரு பறவை வருகிறது. கொண்டை இருக்கிறது, கண்ணுக்குப் பின்னால் சிவப்பு இல்லை. இது என்ன இனம்?"

அதே இனம்தான், இளங்குஞ்சு. மீசை இனிமேல்தான் வரும். வாலடியும் இப்போதைக்கு மங்கிய ஆரஞ்சாகவே இருக்கும்.

கையேடுகள் வளர்ந்த பறவைக்குப் படம் போடுகின்றன. குஞ்சுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான். பழகிய கண்களும் தடுமாறுவது அதனால்தான். புள்ளிச் சில்லையின் குஞ்சுக்குப் புள்ளியே கிடையாது, வெறும் பழுப்பு. எனவே நிறத்தை விட்டுவிட்டு முதலில் கடைவாயைப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக உப்பிய விளிம்பு தெரிந்தால் இளசு. இரையை எங்கே ஊட்டுவது என்று கூட்டுக்குள் தாய்க்குக் காட்டிய விளிம்பு அது. பறக்கத் தொடங்கிய பின்னும் சிறிது காலம் மிஞ்சியிருக்கும். அடுத்து, குட்டை வாலும் வாலடி இறகும். கூட்டில் ஆபத்து அதிகம் என்பதால் குஞ்சின் இறகுகள் விரைந்து முளைக்கின்றன. அதனால் இழைகள் குறைவு; மழைக்கு முன் என் பாட்டி அவசரமாக முடையும் கீற்றுபோல இடைவெளி விட்டுத் தளர்ந்திருக்கும்.

எனக்கு அலுக்கவே அலுக்காதது தவிட்டுக்குருவியின் கண். பெரியவற்றுக்கு வெளிறிய கண், குஞ்சுக்குக் கருங்கண். வயதாக ஆகக் கருமை கரைந்துபோகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். தவிட்டுக்குருவிகளில் ஒன்றான காட்டுச் சிலம்பனில் நடப்பது வேறு. பாவையைச் சுற்றிய வளையத்தின் அடியில் கருமை அப்படியே இருக்கிறது. அதன்மேல் தசையிழைகள் வளர்ந்து மூடிவிடுவதால் கண் வெளிறித் தெரிகிறது. கூட்டத்தில் எது இளசு என்பதைக் கண்ணே சொல்லிவிடும்!

அதே கூட்டத்தில், ஊட்டும் பறவையைவிடப் பெரிதாக, வாலில் பட்டைகளோடு ஒன்று வாய் பிளந்து கெஞ்சினால், அது அக்காக்குயிலின் குஞ்சாக இருக்கலாம். யார் ஊட்டுகிறார்கள் என்பதை மட்டும் வைத்து இனம் சொல்லிவிடக் கூடாது.

இதையெல்லாம் தெரிந்துகொள்ளாததால் குஞ்சுகளுக்கு நேரும் கொடுமைதான் என்னை உறுத்துகிறது. இறகு முளைத்துத் தரையில் தத்தும் குஞ்சை அநாதை என்று எண்ணி அட்டைப்பெட்டியில் அடைத்துப் பால் புகட்டுகிறார்கள். பறவைக்குப் பால் செரிக்காது. அந்தக் குஞ்சு பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. தாய் பக்கத்திலேயேதான் இருக்கும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதும் உண்மையல்ல. பூனை நடமாடும் இடமென்றால் குஞ்சை எடுத்து அருகிலுள்ள புதரின் கிளையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை தாய் இரையோடு இறங்கத் தயங்கும்.